ஸ்லேட்டர் தெருவில் ஒரு டிரம்மர் தேவை!

லிவர்பூல் நகரத்துக்கு வடக்கே, மெர்ஸி ஆற்றங்கரையின் கப்பல்துறைகளை ஒட்டி இருக்கிறது பூட்டில் என்ற ஊர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய விமானங்கள் குண்டு போட்டுப் போட்டுப் பாதி ஊரைத் தரைமட்டமாக்கின. இன்றும் அது பயணிகள் தேடிப் போகிற ஊர் அல்ல. துறைமுகத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், சின்னக் கடைகள், கடல் காற்று. அவ்வளவுதான்.

இங்கிலாந்தின் பல ஊர்களைப்போல அங்கேயும் டிக்கி சந்தை கூடும். மைதானத்தில் கார்களை வரிசையாக நிறுத்தி, டிக்கியைத் திறந்து வைத்து, வீட்டில் வேண்டாத சாமான்களை விற்பார்கள். பழைய தேநீர்க் கோப்பை, குழந்தையின் சைக்கிள், அட்டை கிழிந்த புத்தகங்கள் என்று எல்லாம் கிடைக்கும். பேரம் பேசலாம். அப்படி ஒரு சந்தையில் ஒருவர் வாங்கிப்போன பழைய புத்தகத்துக்குள் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. கையால் எழுதிய கடிதம். தேதி 1960 ஆகஸ்ட் 12.

2011 நவம்பரில் லண்டனில் கிறிஸ்டீஸ் நிறுவனம் அந்தக் கடிதத்தை ஏலம் விட்டது. 7,000 முதல் 9,000 பவுண்டு வரை போகலாம் என்று மதிப்பிட்டிருந்தார்கள். போனது 34,850 பவுண்டுக்கு! அன்றைய கணக்கில் ஏறக்குறைய 28 லட்சம் ரூபாய்.

அப்படி என்னதான் எழுதியிருந்தது? காதல் இல்லை, கவிதை இல்லை. வேலைக்கு ஆள் தேடும் சாதாரணக் கடிதம்.

'லிவர்பூல் எக்கோ' என்ற மாலைப் பத்திரிகையில் ஒருவர் வரி விளம்பரம் கொடுத்திருந்தார். டிரம்ஸ் வாசிப்பேன், வயது குறைவு, கையில் வேலை எதுவும் இல்லை, கூப்பிட்டால் வரத் தயார் என்ற பொருளில் மூன்றே சொற்கள். பெயர் போடவில்லை. பதில்களைப் பத்திரிகை அலுவலகத்தின் பெட்டி எண்ணுக்கு அனுப்ப வேண்டும். அந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு 18 வயதுப் பையன் ஒருவன் எழுதிய பதில்தான் இந்தக் கடிதம். 'ஐயா' என்று மரியாதையோடு தொடங்குகிறான். எங்கள் குழுவுக்கு டிரம்மர் வேண்டும், வாசித்துக் காட்ட வாருங்கள் என்கிறான். சீக்கிரமே ஹாம்பர்க் கிளம்ப வேண்டியிருக்கும், இரண்டு மாதம், வாரம் சுமார் 18 பவுண்டு, செலவு எங்களுடையது என்று விவரம் தருகிறான். விருப்பம் இருந்தால் ஸ்லேட்டர் தெரு 'ஜக்கராண்டா' கிளப்புக்குப் போன் பண்ணி, குழுவில் யாரையாவது அல்லது ஆலன் வில்லியம்ஸைக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் தகவல் சொல்லி வையுங்கள் என்று முடிக்கிறான்.

கையெழுத்து: பால் மெக்கார்ட்னி. கீழே, 'தி பீட்டில்ஸ்' என்று குழுவின் பெயர்.

அப்போது லிவர்பூலிலேயே அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் ஒரு சில நூறு பேர்தான் இருப்பார்கள். குழுவின் பெயர் அந்த வருடம் மட்டும் நாலைந்து முறை மாறி, அந்த ஆகஸ்டில்தான் இந்த எழுத்துகளில் வந்து நின்றது. மை காயாத பெயர் என்றே சொல்லலாம்.

கடிதம் சொல்லும் விலாசத்துக்கு இன்றைக்கும் போகலாம். லைம் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்தில் இறங்கி, கடைகள் நிறைந்த போல்டு தெரு வழியாக மெதுவாக நடந்தால் பத்து நிமிடம். குறுக்கே வெட்டிப் போகும் சின்னத் தெருதான் ஸ்லேட்டர் தெரு. 23-ஆம் எண் கட்டடம் ஒரு காலத்தில் கைக்கடிகாரம் பழுது பார்க்கும் கடை. ஐம்பதுகளின் கடைசியில் ஆலன் வில்லியம்ஸ் அதை எடுத்து காபி கடையாக்கினார். 'ஜக்கராண்டா' என்பது ஊதாப் பூப் பூக்கும் மரத்தின் பெயர். வாடிக்கையாளர்கள் செல்லமாக 'ஜேக்' என்பார்கள். இடையில் மூடிக் கிடந்ததும் உண்டு. இப்போது மறுபடி பாட்டும் கூட்டமுமாக இருக்கிறது.

சனிக்கிழமை இரவு அந்தத் தெருவில் நடப்பதே சிரமம். பகலில் போனால் நிதானமாகப் பார்க்கலாம். பார்க்க வேண்டியது கீழே, நிலவறையில் இருக்கிறது. தாழ்ந்த கூரை, நாலு பேர் கைநீட்டினால் சுவர் இடிக்கும் அளவு. 1960-இல் அங்கே வழக்கமாக வாசித்தது ராக் குழு அல்ல, கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்களின் ஸ்டீல் டிரம் குழு. எண்ணெய் பீப்பாயின் அடியைத் தட்டிச் சுரம் பிடித்து வாசிப்பார்களே, அந்த வாத்தியம். அவர்களுக்கு ஓய்வு கிடைக்கும் இரவுகளில்தான் பையன்களுக்கு இடம். மைக் வைக்க ஸ்டாண்ட் கிடையாது. துடைப்பக் கட்டையில் மைக்கைக் கட்டி, பையன்களின் தோழிகள் முன்னால் உட்கார்ந்து பிடித்துக்கொள்வார்கள். சம்பளம் என்று பெரிதாக எதுவும் இல்லை.

அந்தப் பையன்களை வில்லியம்ஸ் முதலில் பாட்டுக்காரர்களாகப் பார்க்கவே இல்லை. பக்கத்து ஓவியக் கல்லூரி மாணவர்களான ஜான் லெனானும் ஸ்டூவர்ட் சட்கிளிஃப்பும் அவருக்குச் சுவரில் படம் வரையக் கிடைத்த ஆட்கள். பெண்கள் கழிப்பறைச் சுவருக்கு ஓவியம் தீட்டச் சொன்னார். ஒரு காபியை வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் இந்தக் கூட்டத்தை அவருக்கு ஆரம்பத்தில் அவ்வளவாகப் பிடிக்கவும் இல்லை.

ஜானுக்கு 19 வயது, பாலுக்கு 18, ஜார்ஜ் ஹாரிசனுக்கு 17, ஸ்டூவர்ட்டுக்கு 20. நாலு பேர் கையிலும் கிட்டார்! டிரம்ஸ் வாசிக்க ஆள் இல்லை. டிரம்மர் எங்கே என்று யாராவது கேட்டால், தாளம் எங்கள் கிட்டாரிலேயே இருக்கிறது என்று சமாளிப்பார்கள்.

ஆள் கிடைக்காமல் இல்லை. கிடைத்தவர்கள் நிற்கவில்லை.

டாமி மூர் என்பவர் கார்ஸ்டன் பகுதிப் பாட்டில் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். மற்றவர்களைவிட ஏறக்குறைய பத்து வயது மூத்தவர். 1960 மே மாதம் ஒரு பாடகருக்குப் பின்னணி வாசிக்க ஸ்காட்லாந்து போனார்கள். வழியில் வேன் மோதியது. டிரம்ஸ் செட் வந்து விழுந்து மூருக்குப் பல் உடைந்தது. ஆஸ்பத்திரியில் இருந்த மனிதரை அன்று இரவே மேடைக்குக் கூட்டிப்போய் வாசிக்க வைத்தார்கள். ஊர் திரும்பியதும், பாட்டில் கம்பெனி வேலையே போதும் சாமி என்று விலகிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

அடுத்தவர் கதை இந்தத் தெருவிலேயே நடந்தது. ஜக்கராண்டாவில் உட்கார்ந்திருந்தபோது எங்கிருந்தோ டிரம்ஸ் சத்தம் காற்றில் வந்திருக்கிறது. சத்தம் வந்த வழியே தேடிப்போனால், பக்கத்துக் கட்டடத்தில் வேலை முடிந்த நேரத்தில் ஒருவர் தனியாக வாசித்துக்கொண்டிருந்தார். படங்களுக்குச் சட்டம் போடும் தொழிலாளி, பெயர் நார்மன் சாப்மன். பிரமாதமாக வாசித்தார். மூன்றே நிகழ்ச்சி. பிறகு கட்டாய ராணுவ சேவைக்கு அழைப்பு வந்துவிட்டது, கென்யாவுக்கும் குவைத்துக்கும் போய்விட்டார். பிரிட்டனில் அந்தச் சேவைக்கு ஆளெடுப்பது அதே 1960 முடிவோடு நின்றது. சற்றே பிந்திப் பிறந்திருந்தால் அவரும் மற்ற பையன்களைப்போலத் தப்பியிருப்பார்.

இந்த நிலையில்தான் ஹாம்பர்க் வாய்ப்பு வந்தது. அதற்கும் இந்த நிலவறைதான் காரணம். இங்கே வாசித்த ஸ்டீல் டிரம் குழு ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்துக்குப் போய்விட்டது. அங்கே பிழைப்பு நன்றாக இருக்கிறது என்று சேதி வந்தது. வில்லியம்ஸ் தன் கூட்டாளி லார்டு உட்பைனுடன் கிளம்பிப் போய்ப் பார்த்தார். இந்த 'லார்டு' பிரபு அல்ல; உட்பைன் என்பது ஒரு மலிவு சிகரெட்டின் பெயர். உண்மைப் பெயர் ஹெரால்டு பிலிப்ஸ், டிரினிடாட் தீவுக்காரர். 1948-இல் 'எம்பயர் வின்ட்ரஷ்' கப்பலில் இங்கிலாந்து வந்தவர்களில் ஒருவர். பீட்டில்ஸ் கதையைச் சொல்கிறவர்கள் நெடுங்காலம் இவரை மறந்தே போனார்கள்.

ஹாம்பர்க் கிளப் முதலாளி புரூனோ கோஷ்மிடர் முதலில் வேறொரு லிவர்பூல் குழுவை அழைத்துக்கொண்டார். கூட்டம் வந்தது. இன்னொரு குழு அனுப்பு என்றார். வில்லியம்ஸ் நினைத்த நல்ல குழுக்கள் எதுவும் அந்த நேரத்தில் கிடைக்கவில்லை. மிச்சம் இருந்தது இவர்கள்தான். முதலாளி கேட்டதோ ஐந்து பேர். இவர்கள் நாலு பேர், டிரம்மர் இல்லை. கிளம்ப இருப்பதோ ஒரு வாரம்கூட இல்லை.

இப்போது அந்தக் கடிதத்தை மறுபடி படித்தால் அதன் பரபரப்பு புரியும். 12-ஆம் தேதி எழுதியது. வேன் கிளம்பியது 16-ஆம் தேதி. நாலு நாள்! முன்பின் தெரியாத ஒருவரை நாலு நாளில் வரவழைத்து, வாசிக்கச் சொல்லிக் கேட்டு, பிடித்திருந்தால் கடல் கடந்து கூட்டிப்போக வேண்டும். ஆனால் எழுத்தில் பதற்றம் துளியும் இல்லை. ஏதோ பெரிய நிறுவன மேலாளர் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பதைப்போல அத்தனை நிதானம். பள்ளிக்கூடத்தை அப்போதுதான் முடித்திருந்த பையனின் கம்பீரம்.

அந்த 18 பவுண்டும் சும்மா அடித்துவிட்ட கணக்கல்ல. கோஷ்மிடர் கொடுக்க ஒப்புக்கொண்டது ஆளுக்கு ஒரு நாளைக்கு 30 மார்க். ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய 12 மார்க் இருந்த காலம். ஏழு நாளுக்குப் பெருக்கி வகுத்தால் 18 பவுண்டுக்குச் சில காசுகள் குறைவாக வரும். 'சுமார்' என்று நேர்மையாகப் போட்டிருக்கிறான் பையன்.

அந்த விளம்பரக்காரர் வரவில்லை. வந்தவர் வேறொருவர். அவரைத் தேடி நகரத்தின் கிழக்குப் பக்கம் போக வேண்டும்.

வெஸ்ட் டெர்பி பகுதி ஸ்லேட்டர் தெருவுக்கு நேர் எதிர். மரங்கள், அமைதி, பெரிய பெரிய பழைய வீடுகள். ஹேமன்ஸ் கிரீன் சாலையில் 8-ஆம் எண் வீடு விக்டோரியா காலத்துக் கட்டடம். வெளியிலிருந்து பார்த்தால் ஓய்வுபெற்ற டாக்டர் வீடு மாதிரி இருக்கும். இந்த வீட்டின் கதை தொடங்குவது இந்தியாவில்.

வீட்டுக்காரி மோனா, டெல்லியில் பிறந்த ஆங்கிலேயப் பெண். அவருடைய மூத்த மகன் பீட் பிறந்தது 1941 நவம்பர் 24-ஆம் தேதி. பிறந்த ஊர் மதராஸ்! ஆம், நம் சென்னை. பீட்டின் அப்பா கப்பல் எஞ்சினீயர், போரில் இறந்துவிட்டார். பிறகு மோனா, ராணுவத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த லிவர்பூல்காரர் ஜானி பெஸ்ட்டை மணந்துகொண்டார். 1945-இல் பம்பாயிலிருந்து படைவீரர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிய 'ஜார்ஜிக்' கப்பலில் குடும்பமும் ஏறியது. லிவர்பூல் வந்து சேர்ந்தது கிறிஸ்துமஸ் அன்று. வெயில் தவிர வேறு பருவம் தெரியாத நாலு வயதுக் குழந்தைக்கு டிசம்பர் லிவர்பூல் எப்படி இருந்திருக்கும்!

மோனா துணிச்சல்காரி. பெரிய வீடு வாங்க ஆசை, பணம் இல்லை. 1954 டெர்பி குதிரைப் பந்தயத்தில் 'நெவர் சே டை' என்ற குதிரைமீது நகையை அடகு வைத்துப் பணம் கட்டினார் என்று குடும்பத்தில் சொல்வார்கள். ஒன்றுக்கு முப்பத்து மூன்று என்ற கணக்கில் அந்தக் குதிரை ஜெயித்தது. வீடு வந்தது. (யாரும் இதை முன்மாதிரியாகக் கொள்ள வேண்டாம்.) பையன்களும் அவர்களின் நண்பர்களும் வீட்டில் எப்போதும் கூடியிருப்பதைப் பார்த்து, நிலவறையையே இளைஞர்களுக்கான காபி கிளப்பாக மாற்றிவிட்டார். பெயர் 'காஸ்பா'. திறந்தது 1959 ஆகஸ்ட் 29.

திறப்பு நாளில் வாசித்தவர்கள் ஜான், பால், ஜார்ஜ், கூடவே கென் பிரவுன். அன்று அவர்கள் குழுவுக்குப் பெயர் குவாரிமென். பெயின்ட் அடிக்க ஆள் வைக்காமல் பையன்களையே அடிக்கச் சொன்னார் மோனா. அந்தக் கூரைகள் இன்றும் அப்படியே இருக்கின்றன. பால் தீட்டிய வானவில் பட்டைகள், ஜானின் விநோத உருவங்கள், நட்சத்திரங்கள், பீட் வரைந்த சிலந்தி. நகரத்தில் பீட்டில்ஸ் பெயர் சொல்லிக் காட்டுகிற எத்தனையோ இடங்கள் இடித்துக் கட்டியவை. மேத்யூ தெருவின் புகழ்பெற்ற 'கேவர்ன்' கிளப்பையே 1973-இல் மூடி, பிறகு மண் நிரப்பிவிட்டு, 1984-இல் பழைய செங்கற்களைக் கொண்டு மறுபடி கட்டினார்கள். காஸ்பா அப்படியல்ல. தொட்டால் 1959-ஐத் தொடலாம். 2006-இல் அரசு இதைப் பாதுகாக்க வேண்டிய கட்டடமாக அறிவித்தது. ஒரே ஒரு இடம்தான் பார்க்க நேரம் என்றால் கேவர்னை விட்டுவிட்டு இங்கே வருவது நல்லது.

இந்த நிலவறையில் நடந்த ஒரு சண்டையும் முக்கியம். சில வாரங்களில் ஒரு சனிக்கிழமை கென் பிரவுனுக்கு உடம்பு சரியில்லை, வாசிக்கவில்லை. நாலு பேருக்கு மூன்று பவுண்டு சம்பளம், ஆளுக்கு 15 ஷில்லிங். வாசிக்காவிட்டாலும் கென்னின் பங்கை அவரிடம்தான் கொடுப்பேன் என்றார் மோனா. மற்ற மூன்று பேரும் கோபித்துக்கொண்டு வெளியேறிவிட்டார்கள். தனியாக நின்ற கென், வீட்டுப் பிள்ளை பீட்டைச் சேர்த்துப் புதிய குழு தொடங்கினார். அம்மா ஒரு டிரம்ஸ் செட் வாங்கிக் கொடுத்தார். 15 ஷில்லிங் சண்டை நடக்காமல் இருந்திருந்தால் பீட் பெஸ்ட் டிரம்ஸ் குச்சியைத் தொட்டிருப்பாரோ என்னவோ.

அடுத்த வருடம் ஆகஸ்டில், வேறு நிகழ்ச்சி ரத்தான ஓர் இரவு, பழைய சண்டையை மறந்து காஸ்பாவுக்கு வந்தவர்கள் கண்ணில் பீட் பட்டார். புதுப் பளபளப்பான டிரம்ஸ், அழகான பையன், அதிகம் பேசாதவன். எக்கோ விளம்பரக்காரருக்குக் கடிதம் எழுதிய அதே நாட்களில் பால் காஸ்பாவுக்குப் போனும் பண்ணினார். வில்லியம்ஸ் முன்னால் தேர்வு என்று ஒன்று நடந்தது. சில பாட்டுகள் வாசித்தார். தேறிவிட்டார். தேறாமல் எப்படி? வேறு ஆள் ஏது? பீட் நன்றாகப் படிப்பவர், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போகலாம் என்று நினைத்திருந்தார். ஹாம்பர்க் பையை எடுத்துக்கொண்டார்.

1960 ஆகஸ்ட் 16. ஜக்கராண்டா வாசலிலிருந்து கிளம்பிய ஆஸ்டின் வேனில் ஐந்து பையன்கள், வில்லியம்ஸ், அவர் மனைவி பெரில், மச்சான் பாரி சாங், லார்டு உட்பைன் எல்லாரும் சாமான்களோடு திணித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஹார்விச் துறைமுகத்தில் வேனைக் கப்பலில் ஏற்றி, ஹாலந்து வழியே போனார்கள். வழியில் ஆர்னெம் போர் நினைவிடத்தில் நின்று ஒரு படம் எடுத்திருக்கிறார்கள். வீரர்களின் பெயர் என்றும் வாழும் என்ற பொருளில் வாசகம் பொறித்த கல்லின் முன்னால் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜான் மட்டும் வேனை விட்டு இறங்கவில்லை. பீட் படத்தில் இருக்கிறார்.

ஹாம்பர்க்கும் லிவர்பூலைப்போலவே ஆற்றுத் துறைமுகம், அதே குளிர், ஏறக்குறைய அதே அட்சரேகை. ரீப்பர்பான் சாலையிலிருந்து பிரியும் தெருவுக்கு க்ரோஸே ஃப்ரைஹைட் என்று பெயர். பெரிய சுதந்திரம் என்று அர்த்தம். 17-ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கர்கள் உள்ளிட்ட சிறுபான்மையினர் இங்கே தடையின்றி வழிபடலாம், தொழில் செய்யலாம் என்று கிடைத்த உரிமையால் வந்த பெயர். இன்று அதன் அர்த்தம் வேறு மாதிரி ஆகிவிட்டது. இரவில் அந்தத் தெருவின் விளக்குகள் குடும்பத்தோடு நடக்க ஏற்றவை அல்ல, பகலில் போகலாம். அந்தக் கூத்துக்கு நடுவே ஒரு கத்தோலிக்கத் தேவாலயம் இன்னும் மணி அடித்துக்கொண்டு நிற்பது வேடிக்கை.

64-ஆம் எண் கிளப்பில்தான் அவர்களை முதலில் இறக்கிவிட்டார்கள். கிளப்பின் பெயர் இந்திரா! சின்னம் யானை. மதராஸில் பிறந்த பையன் தொழில்முறையாக வாசிக்கத் தொடங்கியது ஹாம்பர்க்கின் இந்திர சபையில் என்பதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. சபை என்னவோ தேவலோகம்போல இல்லை. வார நாளில் நாலரை மணி நேரம், சனிக்கிழமை ஆறு மணி நேரம் வாசிக்க வேண்டும். தங்க இடம், 'பாம்பி' என்ற சின்ன சினிமா தியேட்டரின் திரைக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத அறை. முகம் கழுவத் தியேட்டர் கழிப்பறை. சத்தம் தாங்கவில்லை என்று புகார் போனதால் 48 இரவுகளுக்குப் பிறகு இந்திராவில் பாட்டு நின்றது. அதே தெருவின் 36-ஆம் எண், கைசர்கெல்லர் கிளப்புக்கு மாற்றினார்கள். அங்கே அவர்களோடு மாறி மாறி வாசித்த இன்னொரு லிவர்பூல் குழுவின் டிரம்மர் பெயர் ரிங்கோ ஸ்டார்.

கடிதத்தில் இரண்டு மாதம் என்றிருந்தது மூன்றரை மாதம் ஆயிற்று. நவம்பரில், 17 வயதுப் பையன் நள்ளிரவுக்குப் பின் கிளப்பில் இருக்கக்கூடாது என்று ஜார்ஜைப் போலீஸ் திருப்பி அனுப்பியது. சினிமாக் கொட்டகை அறையில் தீ வைத்ததாகப் பிடித்து பாலையும் பீட்டையும் நாடு கடத்தினார்கள். பீட்டின் டிரம்ஸ் ஹாம்பர்க்கிலேயே தங்கிவிட்டது.

ஆனால் திரும்பி வந்தது போனவர்கள் இல்லை. டிசம்பர் 27-ஆம் தேதி லிதர்லேண்டு டவுன் ஹாலில் வாசித்தபோது கூட்டம் மேடையை நோக்கி ஓடி வந்தது. 'ஹாம்பர்க்கிலிருந்து நேரடியாக' என்று விளம்பரம் செய்திருந்ததால் பலர் இவர்களை ஜெர்மானியர்கள் என்றே நினைத்து, நன்றாக இங்கிலீஷ் பேசுகிறீர்களே என்று பாராட்டினார்களாம். லிதர்லேண்டு எங்கே இருக்கிறது தெரியுமா? பூட்டிலுக்குப் பக்கத்தில். அந்தக் கடிதம் எந்தப் புத்தகத்துக்குள் தூங்கிக்கொண்டிருந்ததோ, அதிலிருந்து அதிக தூரம் இருந்திருக்காது.

மிச்சக் கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1962 ஜூன் மாதம் லண்டனில் ஒலிப்பதிவு முயற்சி. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினுக்கு டிரம்ஸ் திருப்தியாக இல்லை. மற்ற மூவருக்கும் மனது மாறியிருந்தது. நேரில் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. மேலாளர் பிரையன் எப்ஸ்டைனைச் சொல்லச் சொன்னார்கள். வைட்சேப்பல் தெருவிலிருந்த எப்ஸ்டைன் கடையின் மாடி அறைக்கு பீட்டைக் கூப்பிட்டு, நீ இனி வேண்டாம், ரிங்கோ வருகிறார் என்று சொன்ன நாள் ஆகஸ்ட் 16. வேனில் ஏறி ஹாம்பர்க் கிளம்பிய அதே தேதி, சரியாக இரண்டு வருடம்.

லிவர்பூல் ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. கேவர்ன் வாசலில் பீட் பெயரைச் சொல்லிக் கோஷம் போட்டார்கள். தள்ளுமுள்ளுவில் ஜார்ஜுக்குக் கண் வீங்கியது. என்ன செய்து என்ன? இரண்டு மாதத்தில் முதல் இசைத்தட்டு வந்தது. அதற்கடுத்த வருடம் நாடே அவர்கள் பின்னால் ஓடியது.

பீட் வேறு குழுக்களில் வாசித்துப் பார்த்தார். எடுபடவில்லை. ஒரு பேக்கரியில் ரொட்டி ஏற்றினார். பிறகு அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் சேர்ந்து 20 வருடம் வேலை பார்த்தார், கார்ஸ்டனில். டாமி மூர் பாட்டில் கம்பெனிக்குத் திரும்பிப்போன அதே கார்ஸ்டன். வேலை இழந்தவர்களுக்கு வழி சொல்வதுதான் பீட்டின் உத்தியோகம். வேலை போவது என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கத் தேவையில்லை. 1995-இல் பீட்டில்ஸின் பழைய ஒலிப்பதிவுகள் தொகுப்பாக வந்தபோது, அவர் வாசித்த பத்துப் பாட்டுகளுக்கான பங்கு கடைசியில் கைக்கு வந்தது.

ஹாம்பர்க்கில் க்ரோஸே ஃப்ரைஹைட் தெரு தொடங்கும் முனையில் 2008-இல் ஒரு சதுக்கம் திறந்தார்கள். பெயர்தான் சதுக்கம், வடிவம் இசைத்தட்டைப்போல வட்டம். எஃகுத் தகட்டில் வெட்டிய ஐந்து உருவங்கள் நிற்கின்றன. டிரம்ஸ் முன்னால் இருப்பது பீட்டா, ரிங்கோவா என்று கேட்டால் இரண்டும்தான் என்கிறார்கள். முகம் தெரியாத வெறும் கோட்டுருவம் என்பதால் அது முடிகிறது.

லிவர்பூலில் 2011 ஜூலையில் இரண்டு புதுத் தெருக்களுக்குப் பெயர் சூட்டுவதாக அறிவிப்பு வந்தது. ஒன்று காஸ்பா குளோஸ், இன்னொன்று பீட் பெஸ்ட் டிரைவ். பழைய கடிதம் ஏலத்துக்குப் போன அதே வருடம்தான். எக்கோவில் விளம்பரம் கொடுத்தவர் யார், கடிதம் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா, சேர்ந்தும் ஜெர்மனியாவது ஒன்றாவது என்று வீட்டில் தடுத்துவிட்டார்களா, அல்லது ஸ்லேட்டர் தெருவுக்குப் போன் பண்ணியபோது ஆள் கிடைத்துவிட்டது என்று பதில் வந்ததா? 'ஐயா' என்ற ஒரு சொல்லோடு அவர் நின்றுவிட்டார்.

காஸ்பாவைப் பார்க்க முன்பதிவு செய்துகொண்டு போக வேண்டும். படியிறங்கும்போது தலையைக் குனிந்துகொள்ளுங்கள், கூரை தாழ்வு. சிலந்தி ஓவியம் இருக்கும் அறையில் பையன்கள் நின்று வாசித்த இடம் ஒரு கட்டில் அகலம்கூட இருக்காது.